முகவரியின் கடைசிக் கோடு

இணைய முகவரியின் கடைசியில் சில சமயம் ஒரு சாய்கோடு இருக்கும், சில சமயம் இருக்காது. உதாரணம்.காம்/வரலாறு என்று அடித்தாலும் பக்கம் வருகிறது, உதாரணம்.காம்/வரலாறு/ என்று அடித்தாலும் அதே பக்கம் வருகிறது. அப்புறம் எதற்கு அந்தக் கோடு? நம்மில் பலர் இதை யோசித்திருக்க மாட்டோம். ஆனால் இணையதளம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு கோட்டால் பக்கத்தில் இருந்த படங்கள் காணாமல் போயிருக்கின்றன. நிரப்பி அனுப்பிய படிவங்கள் வெறுமையாய்ப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பூட்டி வைத்திருக்க வேண்டிய கோப்புகள் ஊரார் கண்ணில் பட்டிருக்கின்றன.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் 100 ரூபாய் 1000 ரூபாய் ஆகிவிடும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கோட்டின் கதையும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. (எடுத்துக்காட்டு முகவரிகள் எல்லாம் கற்பனை. தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.)

கோடு வந்த வழி

கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைப்பது இன்று நமக்கு மிகச் சாதாரணம். இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்து காட்டியது 1960களில் எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் என்ற இயங்குதளம். அதில் ஒரு ஃபோல்டரையும் அதன் உள்ளே இருப்பதையும் பிரித்துக் காட்ட > என்ற குறியைப் போட்டார்கள். 1969இல் பெல் ஆய்வகம் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது. அங்கே இருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கினார்கள். ஃபோல்டர் மரம் என்ற எண்ணத்தை மல்டிக்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டு, குறியை மட்டும் / என்று மாற்றிக்கொண்டார்கள்.

விண்டோஸில் கோடு ஏன் எதிர்ப்பக்கம் சாய்கிறது என்று சந்தேகம் வரலாம். மைக்ரோசாஃப்டின் டாஸ் 1981இல் வந்தபோது அதில் ஃபோல்டரே கிடையாது. / என்ற குறியைக் கட்டளைகளோடு சேர்த்துத் தரும் விருப்பங்களுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். 1983இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களோடு வந்தபோது நல்ல கோடு ஏற்கனவே வேறு வேலையில் இருந்தது. அதனால் \ வந்தது.

யூனிக்ஸில் இன்னொரு பழக்கமும் வளர்ந்தது. பட்டியல் காட்டும் கட்டளைக்கு ஒரு விருப்பம் கொடுத்தால், ஃபோல்டர்களின் பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு / போட்டுக் காட்டும். கடைசியில் கோடு இருந்தால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் அது வெறும் கோப்பு. இந்தக் கண் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஜெனீவாவில் நடந்தது

டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் செர்ன் ஆய்வகத்தில் தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டரில் முதல் பிரவுசரையும் முதல் சர்வரையும் எழுதி முடித்தார். அந்த நெக்ஸ்ட் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே முகவரிக்குள் / வந்தது இயல்பான விஷயம். எச்டிடிபிக்குப் பிறகு வரும் இரட்டைக் கோடு மட்டும் வேறு வீட்டுச் சரக்கு. அப்பல்லோ நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் // என்றால் அடுத்து வருவது இயந்திரத்தின் பெயர் என்று பொருள். அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த இரட்டைக் கோடு தேவையே இல்லை என்று 2009இல் அவரே ஒப்புக்கொண்டது செய்தியாக வந்தது.

இரட்டைக் கோடு வெறும் அலங்காரம் என்றே வைத்துக்கொள்வோம். கடைசிக் கோடு அப்படி இல்லை. அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அதே காலத்தில் வலைக்குப் போட்டியாக இருந்த கோஃபரைப் பார்க்க வேண்டும்.

கோஃபர் 1991இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதில் எல்லாமே மெனு. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் அடையாளம் இருக்கும். 0 என்றால் படிக்க வேண்டிய கோப்பு, 1 என்றால் இன்னொரு மெனு. அதாவது கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பது அறையா அலமாரியா என்று வாசகரின் மென்பொருளுக்குத் தெரிந்துவிடும்.

பெர்னர்ஸ்-லீயின் வலையில் அப்படி ஓர் அடையாளம் இல்லை. சுட்டி என்பது முகவரி மட்டும்தான். அந்த முகவரிக்குப் பின்னால் கோப்பு இருக்கிறதா, ஃபோல்டர் இருக்கிறதா, அந்த நிமிடமே பக்கத்தைச் சமைத்துக் கொடுக்கும் ஒரு நிரல் இருக்கிறதா என்று பிரவுசருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. வலை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்தச் சுதந்திரம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. சர்வரின் வட்டு பிரவுசரின் கண்ணுக்குத் தெரியாது. அதன் கையில் இருப்பது முகவரியின் எழுத்துகள் மட்டுமே. அவற்றைப் பார்த்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அது முடிவு செய்ய வேண்டும்.

எங்கே நிற்கிறோம்?

எங்கே நின்றால் என்ன என்கிறீர்களா? ஒரு பக்கத்தை எழுதுகிறவர் அதில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் முழு முகவரி எழுதுவதில்லை. “வரைபடம்.ஜிஃப்” என்று பெயரை மட்டும் எழுதிவிடுவார். மீதியைப் பிரவுசர் நிரப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நாம் தெருவில் நின்றால் அது பக்கத்து வீடு, வீட்டுக்குள் நின்றால் பக்கத்து அறை. சொல் ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது அல்லவா? அதே கதைதான்.

இதற்கான விதியை 1995 ஜூனில் ஆர்.எஃப்.சி. 1808 என்ற ஆவணமாக ராய் ஃபீல்டிங் எழுதினார். விதி எளிமையானது. இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் முகவரியை எடு, கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வெட்டு, புதுப் பெயரை ஒட்டு. 2005 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 3986 பல விஷயங்களைத் திருத்தி எழுதியது, ஆனால் இந்த அடிப்படையை மாற்றவில்லை.

இரண்டு முகவரிகளிலும் போட்டுப் பார்ப்போம். உதாரணம்.காம்/பாடம்/வரலாறு/ என்ற பக்கத்தில் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெட்டவும் ஒன்றுமில்லை. எனவே படத்தின் முகவரி உதாரணம்.காம்/பாடம்/வரலாறு/வரைபடம்.ஜிஃப் ஆகும். சரியான இடம்.

கோடு இல்லாத உதாரணம்.காம்/பாடம்/வரலாறு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் “வரலாறு” இருக்கிறது. பிரவுசர் அதை ஒரு கோப்பின் பெயர் என்று எண்ணி வெட்டிவிடும். படத்தின் முகவரி உதாரணம்.காம்/பாடம்/வரைபடம்.ஜிஃப் ஆகிவிடும். அங்கே போய்த் தேடினால் படம் இருக்காது. எழுத்து எல்லாம் வந்திருக்கும், படங்கள் மட்டும் வெற்றுக் கட்டங்களாக நிற்கும். கோடு இருந்தால் வீட்டுக்குள், இல்லாவிட்டால் தெருவில்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு, தளத்தின் பெயர் மட்டும் இருக்கும் முகவரி. உதாரணம்.காம் என்று அடித்தாலும் உதாரணம்.காம்/ என்று அடித்தாலும் வித்தியாசமே கிடையாது. சர்வரிடம் கேட்கும்போது வெற்றுப் பாதையைக் கேட்க முடியாது என்பதால் பிரவுசரே ஒரு / போட்டுத்தான் அனுப்பும். பல பேர் குழம்புவது இங்கேதான். தளத்தின் பெயருக்குப் பின்னால் கோடு போடாமல் விட்டால் எதுவும் ஆவதில்லை, அதனால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

சர்வர் செய்த சமாதானம்

சரி, மக்கள் கோடு போடாமல் அடிக்கத்தான் செய்வார்கள். யார் தடுக்க முடியும்? சர்வர் என்ன செய்யும்?

சர்வரின் வட்டில் “வரலாறு” என்பது ஃபோல்டர். ஃபோல்டரைக் கேட்டால் அதில் உள்ள இண்டெக்ஸ் என்ற கோப்பைக் கொடுப்பது 1993இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் எழுதிய என்.சி.எஸ்.ஏ. சர்வர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். கோடு இல்லாமல் கேட்டாலும் அதே கோப்பைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். பக்கம் போய்ச் சேரும், ஆனால் பிரவுசர் தெருவில் நின்றுகொண்டு படங்களைத் தேடும்.

அதனால் அப்பாச்சி போன்ற சர்வர்கள் வேறு வழியில் போயின. மெக்கூலின் சர்வரை அடியாகக் கொண்டு 1995இல் வெளிவந்த அப்பாச்சி, ஃபோல்டரைக் கோடு இல்லாமல் கேட்டால் பக்கத்தைத் தராது. “நீ கேட்டது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, கோட்டோடு உள்ள இந்த முகவரிக்குப் போ” என்று பதில் சொல்லும். 301 என்ற எண் இதைத்தான் குறிக்கிறது. பிரவுசர் புது முகவரிக்குப் போய் மறுபடி கேட்கும். முகவரிப் பட்டையிலும் கோடு வந்துவிடும். நாம் கவனிக்காத நேரத்தில் ஒரு கோடு தானாக முளைக்கிறதே, அது இப்படித்தான்.

வலையின் ஆரம்ப நாட்களில் இதைச் செய்திருக்கவே முடியாது. முதல் எச்டிடிபியில் கேள்வி ஒரே வரி, பதில் வெறும் பக்கம். இடம் மாறிவிட்டது என்று சொல்ல அந்த மொழியில் சொல்லே இல்லை. பதிலோடு நிலை எண் அனுப்பும் வசதி வந்த பிறகுதான் வழி பிறந்தது. அதை எச்டிடிபி 1.0 என்ற பெயரில் 1996 மேயில் ஆவணப்படுத்தினார்கள்.

இந்தச் சமாதானம் இலவசம் அல்ல. ஒரு கேள்வி இரண்டு கேள்விகளாகிறது. எச்டிடிபி 1.0இல் பொதுவாக ஒவ்வொரு கேள்விக்கும் தொடர்பை முதலிலிருந்து ஏற்படுத்த வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 10,000 பேர் கோடு இல்லாத சுட்டியைத் தட்டினால் 5,000 நொடிகள், ஏறக்குறைய ஒரு மணி 23 நிமிடம் காத்திருப்பு. யாருடைய கணக்கிலும் இந்தச் செலவு ஏறாது. சுட்டியை எழுதியவர் ஒரு எழுத்து மிச்சம் பிடித்தார், அதற்கான செலவு வாசகர்கள் தலையில்.

அப்பாச்சியில் இந்த வழிமாற்றத்தை நிறுத்தவும் முடியும். ஆனால் அதன் கையேடே எச்சரிக்கிறது. ஃபோல்டர் பட்டியலைக் காட்டும் வசதி இயக்கத்தில் இருக்கும்போது வழிமாற்றத்தை நிறுத்தினால், கோட்டோடு கேட்டவருக்கு இண்டெக்ஸ் பக்கம் கிடைக்கும், கோடு இல்லாமல் கேட்டவருக்கு ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாக் கோப்புகளின் பட்டியலும் கிடைத்துவிடலாம்.

ஃபோல்டர் போனது, கோடு போகவில்லை

2000களின் நடுவில் நிலைமை மாறியது. 2004இல் ரூபி ஆன் ரெயில்ஸ், 2005இல் ஜாங்கோ. இவற்றில் எழுதிய தளத்தில் உதாரணம்.காம்/வரலாறு/சோழர்/ என்று இருந்தால், சர்வரில் “சோழர்” என்று ஃபோல்டர் எதுவும் இருக்காது. முகவரியைப் பார்த்து, தரவுத்தளத்தில் தேடி, பக்கத்தை அங்கேயே தயாரித்துக் கொடுப்பார்கள். ஃபோல்டரே இல்லை என்றால் கோடு எதற்கு?

இங்கே இரண்டு கட்சி உண்டானது. கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்த ஜாங்கோ கோடு போடும் கட்சி. கோடு இல்லாமல் வந்தால் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அதில் இயல்பாகவே உண்டு. ரெயில்ஸ் உருவாக்கித் தரும் முகவரிகளில் கோடு இருக்காது. இரண்டில் எது சரி என்ற சண்டைக்கு முடிவே இல்லை. ஆனால் எந்தக் கட்சியாக இருந்தாலும் பிரவுசரின் விதி பழைய விதிதான். அதற்கு ஜாங்கோவும் தெரியாது, ரெயில்ஸும் தெரியாது. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வெட்டும், அவ்வளவுதான்.

படம் காணாமல் போவதாவது கண்ணுக்குத் தெரியும். படிவம் காணாமல் போவது இன்னும் மோசம். பெயர், முகவரி, தொகை எல்லாம் நிரப்பி ஒரு படிவத்தை அனுப்புகிறோம். படிவம் போக வேண்டிய முகவரியில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் 301 சொல்லித் திருப்பி அனுப்பும். பிரவுசர்கள் நெடுநாளாக என்ன செய்கின்றன என்றால், திரும்பப் போகும்போது படிவத்தை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு போய்ப் பக்கத்தைக் கேட்கின்றன. நிரப்பியது எதுவும் போய்ச் சேராது. கோடு தவறிய முகவரிக்குப் படிவம் வந்தால் ஜாங்கோ, தளத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே வேலையை நிறுத்திப் பிழை காட்டுவது இதனால்தான். கையில் இருப்பதைக் கீழே போடாமல் நிரந்தரமாக இடம் மாறச் சொல்வதற்கு 308 என்று தனி எண் வந்து, 2015 ஏப்ரலில் முறையான தரமானது. வலை பிறந்து 25 வருடம் கழித்து!

தேடுபொறிகளுக்கும் இதே தலைவலி. கோடுள்ள முகவரியும் கோடில்லாத முகவரியும் அவற்றுக்கு இரண்டு வெவ்வேறு முகவரிகள். இரண்டிலும் ஒரே பக்கம் இருந்தால் எதைக் கணக்கில் எடுப்பது? 2009 பிப்ரவரியில் கூகிள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து, இதுதான் அசல் முகவரி என்று பக்கத்திலேயே எழுதி வைக்க ஒரு குறிப்பை அறிமுகப்படுத்தின. 2010இல் கூகிள் இந்தக் கோட்டுப் பிரச்சினைக்கென்றே தனி விளக்கம் எழுதியது. கோடு போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் விருப்பம், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

பூட்டுக்கும் கதவுக்கும் நடுவே

இந்தக் கதையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2018இல் ஒரு மாநாட்டில் விளக்கப்பட்ட விஷயம். என்ஜின்எக்ஸ் என்பது ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட சர்வர், உலகம் முழுக்க ஓடுகிறது. அதில், இந்த முகவரியில் தொடங்கும் கேள்விக்கு வட்டில் இந்த ஃபோல்டரிலிருந்து கொடு என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கலாம். /படம் என்று கேட்டால் /கிடங்கு/படம்/ என்ற ஃபோல்டரிலிருந்து கொடு என்று ஒருவர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். கவனியுங்கள், முதலாவதில் கடைசிக் கோடு இல்லை, இரண்டாவதில் இருக்கிறது.

இப்போது ஒரு விஷமி /படம்../சாவி என்று கேட்கிறான். சர்வர் தொடக்கத்தில் உள்ள /படம் என்பதை எடுத்துவிட்டு, அங்கே /கிடங்கு/படம்/ என்பதை வைக்கும். கிடைப்பது /கிடங்கு/படம்/../சாவி. இரண்டு புள்ளி என்றால் ஒரு படி மேலே போ என்று பொருள். ஆக, /கிடங்கு/சாவி என்ற கோப்பு வெளியே வந்துவிடும். படங்களுக்கு மட்டும் திறந்த கதவு வழியே பக்கத்து அலமாரி காலி. தைவானைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2018 ஆகஸ்டில் பிளாக் ஹாட் மாநாட்டில் இதை விளக்கினார். முதல் வரியில் /படம்/ என்று ஒரு கோட்டைச் சேர்த்தால் ஓட்டை அடைபட்டுவிடும். எழுதியவர் விட்டது ஒரே ஓர் எழுத்து.

இதற்கிடையில் பிரவுசர்கள் முகவரியைச் சுருக்கிக் காட்ட ஆரம்பித்துவிட்டன. 2011இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 7, முகவரியின் தொடக்கத்தில் இருந்த எச்டிடிபியையும், தளப் பெயருக்குப் பின்னால் வரும் கோட்டையும் மறைத்தது. அந்த இடத்தில் மறைத்ததில் தவறில்லை, அங்கே அதற்குப் பொருள் கிடையாது. பொருள் உள்ள மற்ற இடங்களில் கோட்டை அவர்கள் தொடவில்லை, தொடவும் முடியாது.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு எனக்குத் தோன்றியது இதுதான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இரண்டு பேர் வியாபாரம் செய்தால், நடுவில் இருக்கும் காகிதத்தில் எழுதியிருப்பதுதான் எல்லாம். அதனால்தான் ரசீதிலும் காசோலையிலும் ஒரு கோடுகூட முக்கியம். காசோலையின் மூலையில் இரண்டு கோடு போட்டால் பணம் கையில் கிடைக்காது, வங்கிக் கணக்கில்தான் ஏறும். சர்வரும் பிரவுசரும் அப்படிப்பட்ட இரண்டு பேர். அவர்களுக்கு நடுவே உள்ள காகிதம் முகவரி. ஃபோல்டர்கள் மறைந்த பிறகும் கோடு நிலைத்திருப்பது பழைய பழக்கத்தால் மட்டும் அல்ல. பிரவுசருக்கு நிற்கும் இடத்தைச் சொல்ல வேறு ஒன்றும் அந்தக் காகிதத்தில் இல்லை.

நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று பெர்னர்ஸ்-லீ 1998இல் ஒரு கட்டுரையே எழுதினார். தளம் நடத்துகிறவர்கள் கோடு உண்டா இல்லையா என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் அதற்குப் பாதி வழி வந்த மாதிரி. நமக்கு வேலை இன்னும் சுலபம். யாருக்காவது ஒரு சுட்டி அனுப்பும்போது நினைவிலிருந்து அடிக்காமல், பக்கம் திறந்த பிறகு பட்டையில் இருப்பதை அப்படியே நகல் எடுத்து அனுப்புங்கள். கோடு இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.